பெயரும் சான்றும்: ஒரு காட்டுச்செடி மறுவகைப்பாடு பெற்ற வரலாறு



மொழிக்கென அமைந்த ஓர் அவையில் காட்டுச்செடியைப் பற்றிப் பேசுவது எவ்வாறு பொருந்தும் என்னும் ஐயம் உங்களுள் சிலருக்கு எழக்கூடும். ஒரு பெயர் எதைக் குறிக்கிறது, அதை நாம் எவ்வாறு அறிகிறோம் என்பதே இன்றைய உரையின் பொருள். அது மொழி பயில்வோர்க்கும் தாவரம் பயில்வோர்க்கும் பொதுவான வினா.

நாம் நன்கறிந்த ஒரு நூலிலிருந்து தொடங்குவோம். கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களின் பெயர்கள் அடுக்கப்பட்டுள்ளன என்பர். அவற்றுட் பலவற்றை நாம் எளிதில் அடையாளம் காண்கிறோம். சில பெயர்களோ எந்தச் செடிக்கு உரியவை என்பதில் உரையாசிரியர்களும் இக்காலத் தாவரவியலாரும் ஒத்த கருத்தினர் அல்லர். பெயர் நம்மிடம் உள்ளது, பூ இல்லை. புலவர் கண்ட பூவில் ஒன்றையேனும் எவரும் உலர்த்தி வைத்திருக்கவில்லை. ஆதலால் அவ்வழக்குகள் முடிவின்றி நீள்கின்றன.

இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. செடி உலர்ந்து தாளில் ஒட்டப்பட்டு, நாளும் இடமும் குறிக்கப்பெற்று, அலமாரியில் பத்திரமாக இருக்கும். அதற்குரிய பெயர் மட்டும் இராது. அல்லது, வேறொரு செடியின் பெயர் அதன்மேல் எழுதப்பட்டிருக்கும். நமது வட்டாரக் காடுகளில் வளரும் ஹங்குவானா என்னும் செடிக்கு நேர்ந்தது இந்நிலையே.

நாம் காணாமற் கடந்து சென்ற செடி

மலாயாத் தீபகற்பத்தின் தாழ்நிலக் காடுகளிலும், சிங்கப்பூரின் எஞ்சிய காடுகளிலும், நிழலும் ஈரமும் நிறைந்த தரையில் ஹங்குவானா வளர்கிறது. நீண்ட காம்புடைய அகன்ற இலைகள் அடியிலிருந்து கொத்தாக எழும். நடுவிலிருந்து கிளைத்த பூங்கதிர் உயரும். பூக்கள் மிகச் சிறியவை. கண்ணைக் கவரும் நிறமற்றவை. ஆண் பூக்கள் ஒரு செடியிலும் பெண் பூக்கள் மற்றொரு செடியிலும் தோன்றும். பெண்செடியில் பின்னர்ச் சதைப்பற்றுள்ள சிறு கனிகள் உண்டாகும். மலாய் மொழியில் இதனைப் 'பாக்கோங்' என வழங்குவதுண்டு. அச்சொல் வேறு சில செடிகளுக்கும் உரியது.

இது மரமன்று, பலகை தருவதில்லை. மலர் அழகுமில்லை, ஆர்க்கிட் போல எவரும் விரும்பி வளர்ப்பதுமில்லை. ஒருவிதையிலைத் தாவரமாகிய இதனைத் தொல்காப்பிய மரபியலின் பாகுபாட்டில் வைத்துப் பார்த்தால், பனையும் மூங்கிலும் இருக்கும் புல் என்னும் பிரிவின் பக்கமே நிறுத்த வேண்டியிருக்கும். காட்டில் நடப்போர் இதனை ஏதோ ஒரு தாழை என்றோ இஞ்சி என்றோ எண்ணிக் கடந்துவிடுவர்.

ஒரு பெயர் பிறந்த வரலாறு

இச்செடிக்கு முதன்முதலில் அறிவியற் பெயர் இட்டவர் வில்லியம் ஜாக் என்னும் ஸ்காட்லாந்து மருத்துவர். ராஃபிள்ஸுடன் பணியாற்றிய அவர் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் சுமத்ராவிலும் செடிகளைச் சேகரித்து விரிவாக எழுதினார். 1820இல், பெங்கூலனில் அச்சான ஓர் இதழில், இச்செடியை 'வெராட்ரம் மலயானம்' என்று பெயரிட்டார். வெராட்ரம் என்பது குளிர்நாடுகளில் வளரும் முற்றிலும் வேறான ஒரு பேரினம். இச்செடிக்கு உரிய பேரினம் அன்று வகுக்கப்படவே இல்லை. ஆதலால் அறிந்த பெட்டகங்களுள் ஒன்றில் அதனை இட்டு வைத்தார் எனலாம்.

1827இல் புளூமே என்னும் அறிஞர் ஜாவாச் செடிகளைக் கொண்டு ஹங்குவானா என்னும் புதிய பேரினத்தை வகுத்தார். இரண்டும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை என்பது பின்னரே தெளிவாயிற்று. 1915இல் மெரில் என்னும் அமெரிக்கத் தாவரவியலார் ஜாக் இட்ட சிற்றினப் பெயரைப் புளூமேயின் பேரினத்தோடு இணைத்து 'ஹங்குவானா மலயானா' என்னும் பெயரை அமைத்தார். இங்கே ஒரு விதி செயற்படுகிறது. ஒரு சிற்றினத்துக்கு இரு பெயர்கள் இருப்பின், முறைப்படி முதலில் வெளியிடப்பட்டதே நிலைக்கும். அதனாற்றான் 1820இன் சொல் உயிர்பெற்றது.

ஆயினும் ஒரு பெரிய குறை இருந்தது. ஜாக் 1822இல் இளவயதிலேயே மறைந்தார். ராஃபிள்ஸ் தாயகம் திரும்புவதற்காக 1824 பிப்ரவரி 2ஆம் நாள் பெங்கூலனிலிருந்து 'ஃபேம்' என்னும் கப்பலில் புறப்பட்டார். அன்றிரவே கப்பல் தீப்பற்றியது. மக்கள் படகுகளில் உயிர்தப்பினர். ராஃபிள்ஸ் திரட்டிய ஏடுகள், வரைபடங்கள், விலங்குகள், செடிகள் யாவும் எரிந்து கடலில் மூழ்கின. ஜாக் சேகரித்தவற்றுட் பெரும்பகுதியும் அவற்றோடு அழிந்தது. அவர் எழுதிய சொற்கள் அச்சில் எஞ்சின. சொற்களுக்குப் பொருளாக நின்ற செடிகள் பெரும்பாலும் எஞ்சவில்லை. குறிஞ்சிப்பாட்டுப் பூக்களுக்கு நேர்ந்த நிலையே இங்கும் நேர்ந்தது.

தாள் என்னும் சான்று

தாவரப் பெயரிடலில் செடித்தாளுக்கு ஏன் இத்துணை மதிப்பு என்பதைச் சற்று விளக்குவோம்.

காட்டில் ஒரு செடியைச் சேகரிப்பவர் அதன் இலை, பூ, கனி ஆகியவற்றை அழுத்தி உலர்த்துவார். உலர்ந்த பகுதிகள் தடித்த தாள் ஒன்றில் ஒட்டப்படும். தாளின் மூலையில் ஒரு சீட்டு இருக்கும். சேகரித்தவர் பெயர், அவர் இட்ட எண், இடம், நாள், உயிரோடிருந்தபோது செடிக்கு இருந்த நிறமும் உயரமும் அதில் எழுதப்படும். இத்தகைய தாள்களை முறைப்படுத்திக் காக்கும் இடமே உலர்தாவரகம். சிங்கப்பூர்த் தமிழர் 'பூமலை' என்று அன்போடு அழைக்கும் தாவரவியல் தோட்டத்தில் அத்தகைய உலர்தாவரகம் ஒன்று உள்ளது. அங்கு ஏறத்தாழ 750,000 தாள்கள் காக்கப்படுகின்றன. மலேசியாவில் கெப்போங்கில் உள்ள வன ஆராய்ச்சிக் கழகத்திலும் பெரியதொரு தொகுப்பு இருக்கிறது.

ஒரு சிற்றினத்துக்குப் பெயரிடுபவர் தாள் ஒன்றைச் சுட்டி, 'இப்பெயருக்கு இதுவே சான்று' என அறிவிக்க வேண்டும். அதனை வகைமாதிரி என்பர். 1958ஆம் ஆண்டு முதல் வகைமாதிரியைச் சுட்டாத புதிய சிற்றினப் பெயர் செல்லாது என்பது அனைத்துலக விதி. அகராதியில் ஒரு சொல்லுக்குப் பொருள் எழுதுவோர் வேறு சொற்களைக் கொண்டு எழுதுகின்றனர். இங்கோ சொல்லின் பொருள் சொற்களால் மட்டும் நிற்பதில்லை. தொட்டுப் பார்க்கத்தக்க ஒரு பொருளோடு அது கட்டப்பட்டிருக்கிறது. 'இலை அகன்றது' என்று எழுதியவர் எத்துணை அகலத்தை எண்ணினார் என்று பின்வந்தோர் வழக்காட வேண்டியதில்லை. தாளை எடுத்து அளந்தால் போதும்.

வகைமாதிரி அழிந்துவிட்டால் என் செய்வது? அதற்கும் விதி வழிகாட்டுகிறது. முதல் ஆசிரியர் எழுதிய விளக்கத்தோடு பொருந்தும் மற்றொரு தாளைத் தேர்ந்து, அதனைப் புதிய சான்றாக நிறுவலாம். ஆயின் அத்தேர்வு ஆய்ந்து செய்யப்பட வேண்டியது. பின்வருவோர் அனைவரையும் அது கட்டுப்படுத்தும்.

ஒரே பெயர் ஏன் நீடித்தது?

மலேசியப் பெருநிலப்பகுதியின் செடிகளை விவரிக்கும் 'ஃபுளோரா மலேசியானா' என்னும் பெருநூல் வரிசையில் 1951இல் பாக்கர் என்பவர் ஹங்குவானாவைப் பற்றி எழுதினார். அவர் எல்லாவற்றையும் 'ஹங்குவானா மலயானா' என்னும் ஒரே சிற்றினத்துள் அடக்கினார். நீரில் வளர்வது, காட்டுத்தரையில் வளர்வது என்னும் வேறுபாடுகூட ஒரே இனத்தின் பல தோற்றங்களாகக் கொள்ளப்பட்டது. அதன்பின் எவர் எங்கே இச்செடியைக் கண்டாலும் அந்தப் பெயரையே சீட்டில் எழுதினர். சிங்கப்பூர்ச் செடிப்பட்டியல்களிலும் அப்பெயர் ஒன்றே இடம்பெற்றது.

பாக்கர் கவனமற்றவர் அல்லர். அவர் முன் இருந்த தாள்களின் இயல்பே அந்த முடிவுக்கு இட்டுச்சென்றது. ஹங்குவானா பெரிய செடி. ஒரு தாளில் இலையின் ஒரு துண்டும் கதிரின் ஒரு துண்டுமே அடங்கும். ஆணும் பெண்ணும் தனித்தனிச் செடிகள் ஆதலால், ஒரு தாளில் ஒன்றே இருக்கும். எந்த ஆணுக்கு எந்தப் பெண் இணை என்பதை அது சொல்லாது. கனியின் நிறமும் பருமையும் உலர்ந்தபின் மாறிவிடும். பூவின் நுண்ணிய உறுப்புகள் சுருங்கிவிடும். உயிரோடு இருக்கையில் தெளிவாக வேறுபடும் இரண்டு செடிகள் தாளில் ஒன்றுபோலவே தோன்றும்.

இதிலிருந்து நாம் அறிய வேண்டியது ஒன்று உண்டு. ஒரு பெயர் அளவுக்கு மீறி விரிந்துவிட்டால், அதன் கீழ் இருப்பவற்றை எவரும் மறுமுறை உற்றுநோக்குவதில்லை. 'இது ஹங்குவானா மலயானா, எங்கும் வளர்வது, அறிந்ததுதான்' என்று மேலே சென்றுவிடுவர்.

திருத்தம் நிகழ்ந்த முறை

1965இல் ஏரி ஷா என்பவர் ஹங்குவானாவைத் தனிக் குடும்பமாகப் பிரித்தார். பின்னர் மரபணு ஆய்வுகள் அக்குடும்பத்தைக் கம்மலினேல்ஸ் என்னும் துறையில் சேர்த்தன. நமது வீட்டோரங்களில் நீலப்பூப் பூக்கும் கானாம்வாழை இருக்கும் துறை அது. குடும்பத்தின் இடம் இவ்வாறு தெளிவாயினும், அதனுள் எத்தனை சிற்றினங்கள் உள்ளன என்னும் வினாவுக்கு விடை காணும் பணி இந்நூற்றாண்டில்தான் விரைவு பெற்றது.

அப்பணியில் ஈடுபட்டோர் செய்தவற்றைப் படிப்படியாகப் பார்ப்போம்.

முதலாவது, பழைய நூல்களை மூலத்திலேயே படித்தல். ஜாக் 1820இல் எழுதியது, புளூமே 1827இல் எழுதியது, அவற்றுக்குப் பின் வந்தோர் எழுதியது ஆகியவற்றைப் பிறர் சுருக்கத்தை நம்பாமல் ஒப்புநோக்க வேண்டும். ஏட்டுச்சுவடிகளை ஒப்பிட்டுப் பாடபேதம் காணும் பதிப்பாசிரியரின் பணி இதனோடு பெரிதும் ஒக்கும்.

இரண்டாவது, வகைமாதிரிகளைத் தேடுதல். ஒரு பெயருக்குரிய தாள் சிங்கப்பூரில் இருக்கலாம்; இலண்டன் கியூவில் இருக்கலாம்; நெதர்லாந்தின் லெய்டனில் இருக்கலாம். இன்று பல தாள்கள் படமெடுக்கப்பட்டு எவரும் காணுமாறு வைக்கப்பட்டுள்ளன. ஆயினும், நுண்ணிய உறுப்பு ஒன்றைக் காண வேண்டின் தாளையே நேரில் காண வேண்டும்.

மூன்றாவது, சீட்டுகளைப் படித்தல். பூமலையின் பழைய சீட்டுகளில் ரிட்லி, கார்னர் போன்ற ஆங்கிலேய அறிஞர்களின் பெயர்கள் உள்ளன; முகமது நூர், கியா போன்ற மலாய்ச் சேகரிப்பாளர்களின் பெயர்களும் உள்ளன. 'கனி சிவப்பு', 'ஓடைக்கரை' என்பன போன்று அவர்கள் எழுதி வைத்த இரண்டொரு சொற்கள், உலர்ந்த செடி மறைத்துவிட்ட செய்திகளைத் தருகின்றன.

நான்காவது, சீட்டு காட்டும் இடத்துக்கே மீண்டும் செல்லுதல். இதுவே தாளையும் காட்டையும் இணைக்கும் படி. உயிருள்ள ஆண்செடியையும் பெண்செடியையும் ஒரே இடத்தில் கண்டு, கனி முற்றும்வரை தொடர்ந்து நோக்க வேண்டும். கனியின் நிறம், விதையின் வடிவம், பெண் பூவில் சூல்முடி அமைந்த விதம், இலையின் அடிப்பகுதி ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, திரும்பி வந்து தாள்களை மீண்டும் பார்க்கும்போது, முன்னர் ஒன்றாகத் தோன்றியவை பலவாகப் பிரியும். காட்டைப் பார்த்த கண்ணே தாளைப் படிக்க வல்லது. தாளைப் படித்த கண்ணே காட்டில் எதைத் தேடுவது என்று அறியும்.

ஐந்தாவது, மரபணு. பழைய தாளிலிருந்து மிகச் சிறிய இலைத்துண்டு ஒன்றை எடுத்து, சிதைந்திருப்பினும் எஞ்சியுள்ள மரபணுவைப் படிக்கும் நுட்பம் இன்று வளர்ந்துள்ளது. உருவத்தால் பிரித்தது சரிதானா என்பதை அது சோதித்துக் காட்டும்.

இத்தகைய உழைப்பின் பயனாக 2014இல் யானா லியோங்-ஸ்கோர்னிச்கோவா, மாட்டி நீசாலோ ஆகியோர் சிங்கப்பூரிலிருந்து ஒரு புதிய சிற்றினத்தை விவரித்து, 'ஹங்குவானா நெக்லெக்டா' என்று பெயரிட்டனர். நெக்லெக்டா என்னும் இலத்தீன் சொல்லுக்குக் 'கவனிக்கப்படாமல் விடப்பட்டது' என்பது பொருள். சிங்கப்பூரின் காடுகள் அறிஞர் காலடி படாதவை அல்ல. வாலஸ் 1854இல் புக்கிட் தீமாவில் வண்டுகள் திரட்டினார். 1888இல் ரிட்லி தோட்டத்தின் பொறுப்பை ஏற்றபின் செடிகள் இடைவிடாது சேகரிக்கப்பட்டன. அவ்வளவு ஆய்ந்த இடத்தில் பெயரின்றி ஒரு செடி இருந்தது. மறு ஆண்டே, 2015இல், லியோங்-ஸ்கோர்னிச்கோவாவும் பீட்டர் பாய்ஸும் சிங்கப்பூர் ஹங்குவானாக்களை முழுமையாக மறுஆய்வு செய்து, மேலும் மூன்று புதிய சிற்றினங்களைத் தோட்டத்தின் ஆய்விதழில் வெளியிட்டனர். 'ரூபினியா', 'ட்ரையாங்குலாட்டா' என்பன அவற்றுட் சேர்ந்தவை. சிங்கப்பூரில் உண்டென முன்னர் அறியப்படாத மற்றொரு சிற்றினமும் அதே கட்டுரையில் பதிவாயிற்று. பேரினம் முழுவதையும் நோக்கின், ஒன்றென எண்ணப்பட்டது இன்று இருபதுக்கும் மேற்பட்ட சிற்றினங்களாக விரிந்துள்ளது.

இந்நிலை ஹங்குவானாவுக்கு மட்டும் உரியதன்று. 2010இல் வெளிவந்த ஓர் ஆய்வு, புதிய தாவரச் சிற்றினங்கள் முதன்முதலில் சேகரிக்கப்பட்டதற்கும் பெயர் பெற்றதற்கும் இடைப்பட்ட காலத்தைக் கணக்கிட்டது. ஐந்தாண்டுகளுக்குள் பெயர் பெற்றவை 16 விழுக்காடு மட்டுமே. ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குக்கு 50 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழந்தாள்கள் பயன்பட்டன. இன்னும் பெயர் பெறாத பூக்குந் தாவரங்கள் ஏறத்தாழ 70,000 என மதிப்பிட்ட அவ்வாய்வு, அவற்றுட் பாதிக்கு மேற்பட்டவை ஏற்கெனவே உலர்தாவரகங்களில் இருக்கக்கூடும் என்றது.

பெயர் பெற்றதனால் விளைவது யாது?

ஒன்றைப் பலவாகப் பிரிப்பது அறிஞர்களின் பொழுதுபோக்கு அன்று. 'ஹங்குவானா மலயானா' பல நாடுகளில் பரவிய ஒரே இனம் என்று நம்பப்பட்டவரை, அதற்கு அழிவு நேரும் என்று எவரும் அஞ்சவில்லை. சிங்கப்பூரில் ஓர் ஓடைக்கரையில் அது மறைந்தால், வேறெங்கோ இருக்கிறது என்று அமைதியடையலாம். ஆனால் அந்த ஓடைக்கரையில் இருந்தது தனி இனம் என்றால், அங்கு மறைவது உலகிலிருந்தே மறைவதாகவும் ஆகலாம்.

புக்கிட் தீமா இயற்கைக் காப்பகத்தின் பரப்பு ஏறத்தாழ 163 ஹெக்டேர். இவ்வளவு குறுகிய காட்டில் ஒரு நடைபாதையை எங்கே அமைப்பது, எந்தச் சரிவைத் தொடாமல் விடுவது என்னும் முடிவுகள் சில செடிகளின் வாழ்வைத் தீர்மானிக்கும். அழிவுறும் இனங்களின் பட்டியலில் இடம்பெறப் பெயர் வேண்டும். விதையைச் சேர்த்து நாற்றங்காலில் வளர்க்க எண்ணுவோர், ஆணும் பெண்ணும் ஒரே இனத்தவைதாமா என்று உறுதிசெய்யவும் பெயர் வேண்டும். பெயரில்லாததைக் காக்குமாறு எவரிடமும் வேண்ட முடியாது.

சான்றுகள் காக்கப்பட்டதும் தற்செயலன்று. 1943 மார்ச்சில் குண்டுவீச்சுக்கு உள்ளான பெர்லின் உலர்தாவரகம் தன் தாள்களிற் பெரும்பகுதியை இழந்தது; எத்தனையோ பெயர்கள் அன்று தம் சான்றை இழந்தன. அதே போர்க்காலத்தில் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமானது. ஆங்கிலேய அறிஞர்களாகிய ஹோல்ட்டமும் கார்னரும், அவர்களோடு ஜப்பானிய அறிஞர்களாகிய தானகாடாத்தேயும் கோரிபாவும், பகைநாட்டவர் என்னும் நிலையைக் கடந்து தோட்டத்தையும் தொகுப்பையும் காத்தனர். அத்தாள்கள் அன்று அழிந்திருப்பின், 2014இலும் 2015இலும் நிகழ்ந்த மறுஆய்வு பெரிதும் தடைப்பட்டிருக்கும்.

நமக்குரிய பணி

தாவரப் பெயர்களின் விதிகளில் மொழி பற்றிய செய்தி ஒன்றும் உண்டு. 1935 முதல் 2011 வரை, புதிய தாவரத்தின் விளக்கத்தை இலத்தீனில் எழுதியாக வேண்டும் என்பது விதி. 2012 சனவரி முதல் இலத்தீனிலோ ஆங்கிலத்திலோ எழுதலாம். விளக்கத்தின் மொழி மாறிய பின்னும் வகைமாதிரி என்னும் அடிப்படை மாறவில்லை. மொழிகள் மாறினும் சான்று நிலைக்க வேண்டும் என்பதை இதனினும் தெளிவாகக் காட்டுவது அரிது.

இந்தப் பாடத்தை நம் மொழிக்கும் பொருத்திப் பார்ப்போம். இந்நாட்டின் தோட்டப்புறங்களில் வாழ்ந்த நம் முன்னோர், தாம் புதிதாகக் கண்ட செடிகளுக்கும் கீரைகளுக்கும் தமிழிற் பெயரிட்டு வழங்கினர். ஊர்ப்பெயரை ஒத்த செடிக்கு ஏற்றினர், மலாய்ச் சொல்லைத் தமிழ் ஒலிக்கு மாற்றினர், புதுச்சொல்லும் படைத்தனர். அச்சொற்களை அறிந்த முதியோர் நம் இல்லங்களில் இன்னும் இருக்கின்றனர். சொல்லை மட்டும் ஏட்டில் எழுதி வைத்தால், ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் அது எந்தச் செடி என்று நம் பெயரர்கள் வழக்காடுவர். செடியை மட்டும் படமெடுத்து வைத்தால் சொல் மறையும். இரண்டும் ஒரே தாளில் இருக்க வேண்டும்.

ஆசிரியர்கள் இதனை வகுப்பிலேயே தொடங்கலாம். பள்ளி வளாகத்திலோ வீட்டுத் தோட்டத்திலோ வளரும் செடியின் ஒரு கிளையை மாணவர் அழுத்தி உலர்த்தட்டும். காப்பகங்களில் இசைவின்றி எதையும் பறித்தல் ஆகாது என்பதையும் அவர்களுக்குச் சொல்லுவோம். தாளின் மூலையில் நாள், இடம், பூவின் நிறம், அச்செடிக்கு வழங்கும் தமிழ்ப்பெயர், அப்பெயரைச் சொன்னவர் எந்த ஊரில் வாழ்ந்தவர் என்னும் ஐந்தையும் எழுதட்டும். அறிவியற்பெயர் தெரியாவிடின் அந்த இடத்தை வெற்றிடமாக விடுவதே முறை. பிழையான பெயரைக் காட்டிலும் வெற்றிடம் நன்று. வெற்றிடம் பின்வருவோரைத் தேடச் செய்யும்.

மாணவச் செல்வங்களே, ஓடைக்கரையில் நின்று ஒரு செடியை அழுத்தி, 'கனி சிவப்பு' என்று சீட்டில் எழுதிய சேகரிப்பாளர் அச்செடியின் பெயரை அறியார். தாம் எழுதும் இரு சொற்கள் யாருக்குப் பயன்படும் என்பதையும் அறியார். கண்டதைக் கண்டவாறு எழுதி, நாளும் இடமும் குறித்து, தாளைக் கெடாமல் வைத்தார். பல பத்தாண்டுகளுக்குப் பின் பெயரைத் திருத்த முடிந்தது அதனால்தான். நாமும் அவ்வாறே குறித்து வைப்போம்.